நரம்பு சுரக்கும் ஓமோன்

கபச்சுரப்பியின் பின்மடலிலிருந்து எடுத்த சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதை ஹென்றி டேல் 1906இல் காட்டினார். ஆயினும் அந்தச் சாற்றில் இருந்த ஓமோன் எங்கே உண்டாகிறது என்பது அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெளிவாகவில்லை, ஏனெனில் சாறு கிடைத்த இடமே அது பிறக்கும் இடம் என்று பெரும்பாலோர் எண்ணினர். ஏர்ன்ஸ்ட் ஷாரர் 1928இல், ஒரு சிறு மீனின் மூளையில் சுரப்பிக் கலங்களை ஒத்த நரம்புக்கலங்களைக் கண்டு எழுதியபோது, நரம்பும் சுரக்குமா என்ற ஐயமே எழுந்தது.

ஐயத்தைத் தீர்க்க ஒரு சாயம் உதவிற்று. சதையியின் கலங்களை வேறுபடுத்திக் காண்பதற்கெனக் கோமோரி உருவாக்கிய அந்தச் சாயத்தை, ஜெர்மனியின் கீல் நகரில் பணியாற்றிய வொல்ஃப்காங் பார்க்மன் 1949இல் மூளைச் சீவல்களில் இட்டுப் பார்த்தபோது, பரிவகக்கீழ் எனப்படும் மூளையடிப் பகுதியின் கலத்திரள்களில் கருநீல மணிகள் தோன்றின. அதே மணிகள் அக்கலங்களின் நீண்ட நரம்பிழைகளில் ஏறி, சுரப்பியைத் தாங்கும் தண்டினூடாக இறங்கி, பின்மடலில் வந்து குவிந்திருந்தன. தண்டு வெட்டப்பட்ட விலங்குகளிலோ அவை வெட்டுக்கு மேலே தேங்கி, கீழே வற்றிப்போயின. பொல்பிட்டிய மின்நிலையத்துக்கு நீர் தரும் லக்சபானா அணையில், நீர் தேங்கும் பக்கத்தைக் கொண்டே ஓயா வரும் திசையை அறிவதைப் போன்ற எளிய, மறுக்க முடியாத சான்று அது. பின்மடல் களஞ்சியம் மட்டுமே. விளையும் நிலம் மூளை.

மணிகளில் அடங்கிய, கருப்பையைச் சுருக்கும் ஓமோனான ஒக்சிடோசின், ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி, அதாவது ஒரு பெப்தைட்டு என்பதை 1953இல் நிறுவி, அதைச் செயற்கையாகவும் ஆக்கிய வின்சென்ட் டு விக்னோ 1955இல் நோபல் பரிசு பெற்றார். கொழுந்தெடுக்கும் தாய் வேலைக்கிடையே பிள்ளைக் காம்பராவுக்கு வந்து பாலூட்டும்போது, குழந்தை உறிஞ்சும் உணர்வு நரம்பு வழியே பரிவகக்கீழை எட்ட, பின்மடலிலிருந்து குருதியில் கலக்கும் ஒக்சிடோசின் மார்பின் பாற்பைகளைச் சூழ்ந்த கலங்களைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளுகிறது.

பாலை உண்டாக்கும் புரோலக்ரினோ முன்மடலுக்குரியது. அம்மடலுக்குப் பரிவகக்கீழின் கட்டளைகள் தண்டிலுள்ள நுண்ணிய குருதிக்குழாய்கள் வழியே செல்கின்றன. எனவேதான் பேற்றின்போது பெருங்குருதி இழந்த தாய்க்கு முன்மடல் பட்டுப்போய்ப் பாலே ஊறாமல் போவதுண்டு. கண்ணாடி விரியனின் நஞ்சும் இதே கேட்டை விளைக்கக்கூடும். இதுபற்றிய இலங்கையின் முதல் நோயறிக்கை 2011இல் வெளிவந்தது. கடிபட்டுப் பிழைத்தவர் மாதங்கள் கழித்து நீங்காத சோர்வும் குறைந்த குருதியழுத்தமுமாக வந்தால், அந்தப் பழைய கடியை மருத்துவரிடம் சொல்லி, கபச்சுரப்பி ஓமோன்களைச் சோதித்துக்கொள்வது அவசியம். குறையும் ஓமோன்களை மருந்தாக ஈடுசெய்ய முடியும்.