மைதானம் மட்டும் போதுமா? யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் உதைபந்தாட்ட அகடமியும்

அஸர் தொழுகை முடிந்ததும் சோனக தெருப் பக்கம் பந்து உருளத் தொடங்கிவிடும். பத்து வயதுப் பையனும் இருபத்தைந்து வயது இளைஞனும் ஒரே ஆட்டத்தில் நிற்பார்கள். மஃரிப் பாங்கு கேட்டதும் கலைந்துவிடுவார்கள். இதைப் பார்க்கும் பெரியவர்கள் வழமையாகச் சொல்வது ஒன்றுதான்: "நல்ல மைதானம் ஒன்று இருந்தால் எங்கட பிள்ளைகளும் மேலே வருவார்கள்."

மைதானம் தேவைதான். ஆனால் மைதானம் மட்டும் ஒரு வீரனை உருவாக்குவதில்லை.

தொழில்முறைக் கழகங்களின் அகடமிகளில் பிள்ளைகள் வயது வாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பயிற்றுநர் இருப்பார். சிறுவர்களை முழு மைதானத்தில் விடமாட்டார்கள். சிறிய களத்தில், சிறிய பந்தில், ஐந்து பேர் அல்லது ஏழு பேர் கொண்ட அணியாக ஆடவிடுவார்கள். இருபத்திரண்டு பேருக்கு நடுவே ஓடும் எட்டு வயதுப் பிள்ளையின் காலில் பந்து படுவதே அபூர்வம். பத்துப் பேர் ஆடும்போது அதே பிள்ளைக்குப் பந்து மீண்டும் மீண்டும் கிடைக்கும். வரவு, வளர்ச்சி, காயம் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். பாடசாலைப் படிப்பும் திட்டத்துக்குள் அடங்கும்.

பார்சிலோனா கழகத்தின் லா மாசியா 1979 இல் தொடங்கியது. மொரோக்கோ வம்சாவளித் தந்தையின் மகனான லாமின் யமால் ஏழு வயதில் அக்கழகத்தின் சிறுவர் அணியில் சேர்ந்தார். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் பதினாறு வயதில் பிரான்சுக்கு எதிராகக் கோல் போட்டார். அதே நாட்களில் அவர் தன் பாடசாலை வேலைகளையும் செய்துகொண்டிருந்தார். 'விளையாட்டா, படிப்பா' என்று நாம் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வியை நல்ல அகடமி கேட்பதே இல்லை.

மறுபுறம் முஹம்மத் ஸலாஹ். எகிப்தின் நக்ரிக் கிராமத்திலிருந்து கெய்ரோவுக்குப் பயிற்சிக்குப் போக, பதினான்கு வயதில் பல பஸ்கள் மாறி, ஒரு வழிக்கு மட்டும் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்தார். அவருடைய படிப்பு பாதிக்கப்பட்டது. நாம் அந்த விடாமுயற்சியைப் புகழ்கிறோம். அதே பஸ்ஸில் பாதியிலேயே இறங்கிவிட்ட திறமையான பையன்களை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு ஸலாஹ் தப்பி வந்ததை வைத்து, அமைப்பே தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கு அகடமியின் வேலையை இதுவரை செய்து வந்தவை பாடசாலைகளும் ஊர்க் கழகங்களும்தான். சென். பற்றிக்ஸ் கல்லூரி, இளவாலை சென். ஹென்றிஸ் கல்லூரி, நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடும்மீன், ஊரெழு றோயல் என்ற பெயர்களைத் தெரியாத ரசிகர் இங்கு இல்லை. துரையப்பா விளையாட்டரங்கு 2016 இல் இந்திய உதவியோடு புனரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. அரியாலையில் உதைபந்தாட்டத்துக்கென்றே பயிற்சி நிலையமும் மைதானமும் உண்டு. ஆனாலும் 2021 இல் நாட்டின் முதலாவது தொழில்முறை சுப்பர் லீக் தொடங்கியபோது, அதில் ஆடிய பத்து அணிகளில் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒன்றுகூட இருக்கவில்லை. கொழும்பு வழிகாட்டும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தை இடைநிறுத்திய பீபா, ஓகஸ்டில்தான் அந்தத் தடையை நீக்கியது.

எமது சமூகத்துக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 1990 ஒக்டோபர் 30 இல் விடுதலைப் புலிகள் எம்மை வெளியேற்றியபோது வீடும் கடையும் மட்டும் போகவில்லை. மூத்த வீரர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் தொடர்ச்சியும் அறுந்துபோனது. திரும்பி வந்த பிறகு பள்ளிவாசலைத் திருத்தினோம், ஒஸ்மானியாவைத் திறந்தோம். ஆனால் அறுந்த அந்தத் தொடர்ச்சியைக் கட்டிடம் கட்டி மீட்க முடியாது. அதற்கு ஆட்கள் வேண்டும், ஆண்டுக்கணக்கில் பொறுமையும் வேண்டும்.

பதிவேட்டுக்குப் பணப் பெறுமதியும் உண்டு. ஒப்பந்தம் முடியுமுன் ஒரு வீரர் நாடு விட்டு நாடு விலைக்கு மாற்றப்பட்டால், அந்தத் தொகையில் 5 வீதம் அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது பீபாவின் விதி. 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 வீதம், அதன் பின் ஆண்டுக்கு 0.5 வீதம். பத்து இலட்சம் டொலருக்கு விலைபோகும் வீரரை முதல் நான்கு ஆண்டுகள் வளர்த்த கழகத்துக்கு 10,000 டொலர் சேரும். ஆனால் முறைப்படி அந்தக் கழகத்தில் பதியப்பட்ட ஆண்டுகளே கணக்கில் வரும். பதிவு இல்லாத பிள்ளைக்காக எந்தக் கழகமும் உரிமை கோர முடியாது.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. அகடமி என்று பலகை மாட்டுவது எளிது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை நாடு விட்டு நாடு கழகம் மாறுவதை, சில விதிவிலக்குகள் தவிர, பீபா தடைசெய்துள்ளது. ஆகவே "ஐரோப்பாவில் சேர்த்துவிடுகிறோம், முற்பணம் கட்டுங்கள்" என்று வருபவரை நம்பிவிட வேண்டாம். அகடமியில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தொழில்முறை வீரராக ஆவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். படிப்பைக் கைவிடாதிருப்பது அதனால்தான் முக்கியம்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை இருபது பிள்ளைகளோடு தொடங்குவோம். எமது இளைஞர்களில் இருவரைப் பயிற்றுநர் பாடநெறிக்கு அனுப்புவோம். குர்ஆன் மத்ரஸா, டியூஷன், பயிற்சி மூன்றும் ஒன்றோடொன்று மோதாதபடி பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலையும் பெற்றோரும் சேர்ந்து ஒரே நேரசூசியை வகுக்கட்டும். முஸ்லிம் பிள்ளைகளுக்கென்று தனி அணி அமைத்து ஒதுங்கிவிட வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் நாவாந்துறைப் பிள்ளைகளோடும் அரியாலைப் பிள்ளைகளோடும் சேர்ந்து பயிலட்டும். 1990 இல் பிரிந்துபோன அயலவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே அணியில் பந்தைப் பகிர்ந்து ஆடுவதும் மீள்குடியேற்றத்தின் ஒரு பகுதிதான்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. இருபது பந்து, நாலு சிறிய கோல் கம்பம், ஒரு வரவுப் புத்தகம் போதும். அந்தப் புத்தகத்தை பத்து வருடம் விடாமல் எழுத எம்மில் ஒருவர் முன்வந்தால், இன்ஷா அல்லாஹ், மைதானம் பற்றிய பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.