இரண்டு சுற்று முந்தியவர்

அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தைச் சேர்ந்த டான்வில் நகரில் 1952-ஆம் ஆண்டு மோட்டார் பந்தயம் நடத்தி வந்த சிலர், உள்ளூர்ப் போலீஸாரிடம் சென்று ஒரு விசித்திரமான தகவலைக் கேட்டார்கள். பந்தயத்துக்குக் கூட்டம் குறைந்துகொண்டு வந்தது. வெள்ளையர்களே ஓட்டும் பந்தயத்தில் ஒரு கறுப்பரை இறக்கிவிட்டால், வேடிக்கை பார்க்கவாவது ஜனங்கள் வருவார்கள் என்பது அவர்களுடைய யோசனை. ஆகவே, ஊரில் உள்ள கறுப்பர்களில் அதி வேகமாக வண்டி ஓட்டி அகப்பட்டவன் யார் என்று விசாரித்தார்கள். போலீஸார் தயங்காமல் சொன்ன பெயர் வெண்டெல் ஸ்காட்.

குற்றப் பதிவேடே ஒருவருக்குச் சிபார்சுக் கடிதமாக அமைந்த விந்தையை என்னவென்று சொல்வது! அந்தச் சிபார்சு தொடங்கி வைத்த வாழ்க்கையைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ‘ஸ்டாக் கார்’ பந்தயம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுவது நலம். சரக்கு ஏற்றும் வண்டிகளின் பந்தயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்தில், கடையிலே விலைக்குக் கிடைத்த சாதாரண மோட்டார் வண்டியை வாங்கி, எஞ்சினை முடுக்கி, கூண்டைப் பலப்படுத்தி, வட்டப் பாதையில் நூற்றுக் கணக்கான சுற்றுக்கள் ஓட்டிய பந்தயம் அது. ஆனால் அதன் பூர்வோத்தரத்தைப் பார்த்தால், சரக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சாதிக்க முடியாது. தென் மாகாணங்களின் மலைப் பகுதியில் கள்ளத்தனமாகக் காய்ச்சிய சாராயத்தை இரவோடு இரவாகப் பட்டணங்களுக்குக் கொண்டு செல்ல, போலீஸ் வண்டியை முந்தக்கூடிய கார்கள் வேண்டியிருந்தன. பார்வைக்குச் சாதுவான குடும்ப வண்டி. உள்ளேயோ புலிப் பாய்ச்சல் பாயும் எஞ்சின். இப்படிப்பட்ட வண்டிகளை ஓட்டியவர்களில் பலர், யாருடைய வண்டி வேகம் என்று பகலில் தமக்குள் போட்டியிட்டுப் பார்த்தார்கள். அந்தப் போட்டிகளை ஒழுங்குபடுத்துவதற்காக, பில் பிரான்ஸ் என்பவர் 1947 டிசம்பரில் புளோரிடாவில் டேட்டோனா கடற்கரை ஊரின் ஓட்டல் ஒன்றில் கூட்டம் கூட்டினார். அதன் விளைவாக 1948-இல் ‘நாஸ்கார்’ என்னும் சங்கம் உண்டாயிற்று.

ஸ்காட்டும் சாராயம் கடத்தியவர்தான். இதை நாம் மறைக்கப் போவதில்லை, அவரும் மறைக்கவில்லை. 1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி டான்விலில் பிறந்தவர் அவர். அந்த ஊரில் கறுப்பு இளைஞனுக்குத் திறந்திருந்த வழிகள் இரண்டு: ஒன்று பருத்தி ஆலை, மற்றொன்று புகையிலைத் தொழிற்சாலை. இரண்டுக்கும் ஸ்காட் உடன்படவில்லை. மோட்டார் ரிப்பேர் வேலையைத் தந்தையிடம் கற்றுக்கொண்டு, டாக்ஸி ஓட்டினார். இரண்டாவது உலக யுத்தத்தில் ராணுவத்தில் மெக்கானிக்காக ஐரோப்பாவில் பணி செய்தார். திரும்பி வந்து ரிப்பேர்ப் பட்டறை வைத்தார். ஏழு குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்குப் பட்டறை வருமானம் போதாமற் போகவே, இரவில் சாராயம் ஏற்றிச் செல்லலானார். 1949-இல் ஒரே ஒரு முறை பிடிபட்டார். நீதிபதி சிறைக்கு அனுப்பாமல், மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தார்.

1952 மே மாதத்தில், டான்வில் பொருட்காட்சித் திடலில் அவர் முதன்முதலாகப் பந்தயம் ஓட்டினார். கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டுப் பழித்தார்கள். வண்டியும் நடுவில் மக்கர் செய்தது. ஆனாலும் இதுதான் தம் தொழில் என்று அன்றே அவர் முடிவு செய்துவிட்டார்.

அதற்கடுத்து நடந்ததைக் கேளுங்கள். நாஸ்கார் நடத்திய பந்தயம் ஒன்றுக்காகத் தம்முடைய வண்டியை இழுத்துக்கொண்டு, வட கரோலினாவில் உள்ள வின்ஸ்டன்-ஸேலம் நகருக்குப் போனார். கறுப்பர் ஓட்டக்கூடாது என்று அங்கே மறுத்துவிட்டார்கள். பிறகு போன வேறொரு பந்தயத்திலோ, வெள்ளைக்காரப் பையன் ஒருவன் ஓட்டுவதானால் அதே வண்டியை அனுமதிக்கத் தடை இல்லையாம்! வண்டிக்குத் தீட்டு இல்லை, ஸ்டியரிங்கைப் பிடிக்கும் கைக்குத்தான் தீட்டு. இந்த நியாயம் நம் தேசத்து வாசகர்களுக்குப் புரியாத நியாயம் அல்ல. முதல் வகுப்பு டிக்கெட் செல்லும், அதைக் கையில் வைத்திருப்பவர் செல்லமாட்டார் என்று 1893-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளை ரயிலிலிருந்து இறக்கிவிட்டவர்கள் பேசியதும் இதே தர்க்கந்தான்.

ஸ்காட் கண்ணீருடன் வீடு திரும்பினார். எனினும் சங்கத்தில் சேரும் எண்ணத்தை விடவில்லை. 1953-இல் ரிச்மண்ட் நகரத்துப் பந்தயத் திடலில் மைக் போஸ்டன் என்ற அதிகாரியிடம் லைசென்ஸ் கேட்டார். மேலிடத்தைக் கலக்காமலே போஸ்டன் அதை எழுதிக் கொடுத்துவிட்டார். கறுப்பர் யாரும் இதுவரை சேர்ந்ததில்லை, உம்மை இடித்துத் தள்ளுவார்கள் என்று மட்டும் எச்சரித்தார். தலைமை அலுவலகத்தில் இந்தச் செய்தியை யாரும் மகிழ்ச்சியோடு வரவேற்கவில்லை. ஆனால் கொடுத்த லைசென்ஸ் கொடுத்ததுதான்.

போஸ்டனின் எச்சரிக்கை பலித்தது. சில ஓட்டிகள் வேண்டுமென்றே அவருடைய வண்டியை இடித்தார்கள். அவர் திருப்பி இடிக்க முடியாது. இடித்தால் ஓட்டிகளோடு போகாமல் கூட்டமே அவர்மேல் பாயும். வேறு சில வெள்ளை ஓட்டிகளோ அவருடைய திறமையை மதித்து நண்பர்களானார்கள். பழைய டயரும் உதிரிச் சாமானும் கொடுத்து உதவினார்கள். ஒரு திடலில் வெள்ளையர்களுக்கெல்லாம் பெட்ரோல் செலவுக்குப் பணம் கொடுத்த முதலாளி, ஸ்காட்டுக்கு மட்டும் இல்லையென்றார். மறுநாள் பில் பிரான்ஸிடமே சென்று ஸ்காட் முறையிட்டார். பிரான்ஸ் தம் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்து, நீர் சங்கத்து அங்கத்தினர், இனி எப்போதும் அங்கத்தினராகவே நடத்தப்படுவீர் என்று வாக்களித்தார். அந்த வாக்கு எவ்வளவு தூரம் காப்பாற்றப்பட்டது என்பதை வாசகர்களே பின்னால் தீர்மானிக்கலாம்.

சிறு பந்தயங்களில் நூற்றுக்கு மேற்பட்ட வெற்றிகள் பெற்று, 1959-இல் வர்ஜீனியா மாகாணத்தின் ‘ஸ்போர்ட்ஸ்மன்’ வகுப்புச் சாம்பியன் பட்டமும் அடைந்தார் ஸ்காட். 1961 மார்ச்சில் நாஸ்காரின் மேல் வகுப்பான ‘கிராண்ட் நேஷனல்’ பந்தயத்தில் இறங்கினார். மற்றப் பெரிய ஓட்டிகளுக்கு மோட்டார் கம்பெனிகளின் ஆதரவு உண்டு. சம்பளம் பெறும் மெக்கானிக்குகள் உண்டு. ஸ்காட்டுக்குத் தம் பிள்ளைகள்தாம் மெக்கானிக்குகள். பள்ளி விட்டு வந்த பையன்கள் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவார்கள். குடும்பமே வண்டியோடு பந்தய ஊருக்குப் புறப்படும். வழியிலுள்ள ஓட்டல்களில் கறுப்பருக்குச் சாப்பாடும் இல்லை, படுக்க இடமும் இல்லை. ஆகவே கட்டுச் சோறும் கூடவே போகும். தென் கரோலினாவின் புகழ்பெற்ற டார்லிங்டன் திடல், பல ஆண்டுகள் அவரை உள்ளேயே விடவில்லை.

1963-ஆம் ஆண்டு வந்தது. கறுப்பர் உரிமைப் போராட்டம் அமெரிக்கா முழுவதும் கொழுந்துவிட்ட ஆண்டு அது. ஜூன் மாதத்தில் ஸ்காட்டின் சொந்த ஊரான டான்விலிலேயே, அமைதியாகக் கூடிய கறுப்பு மக்களைத் தண்ணீர்க் குழாய்களாலும் தடிகளாலும் போலீஸார் தாக்கினார்கள். ஆகஸ்டு 28-ஆம் தேதி வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சைக் கேட்க இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர் திரண்டனர். நவம்பர் 22-ஆம் தேதி ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு ஒன்பதாம் நாள், டிசம்பர் முதல் தேதி, புளோரிடாவின் ஜாக்ஸன்வில் நகரில் ஒரு பந்தயம் நடந்தது.

அரை மைல் சுற்றளவுள்ள மண் பாதை. 200 சுற்று, அதாவது நூறு மைல் ஓட வேண்டும். ஓட ஓடப் பாதையில் குண்டும் குழியும் விழுந்துவிட்டன. நல்ல நல்ல வண்டிகளெல்லாம் அச்சு முறிந்தும் கம்பி தெறித்தும் ஒதுங்கின. இத்தகைய பாதையில் வேகம் மட்டும் போதாது. தம் கையால் பூட்டிய ஒவ்வொரு ஆணியும் எவ்வளவு தாங்கும் என்று அறிந்தவருக்கே இது ஏற்ற களம் என்பது நம் அபிப்பிராயம். ஸ்காட் ஓட்டியது நெட் ஜாரெட் என்ற சக ஓட்டியிடமிருந்து வாங்கிய பழைய செவர்லே வண்டி, எண் 34. முன்னணியில் சென்றவரோ இளஞ்சிங்கமான ரிச்சர்ட் பெட்டி. அவருடைய வண்டி தடுமாறத் தொடங்கிற்று. இன்னும் 25 சுற்றுகளே இருக்கையில், ஸ்காட் அவரைக் கடந்து முதலிடம் பிடித்தார்.

இருநூறாவது சுற்றை முடித்துக் கோட்டைக் கடந்தார். வெற்றியைக் குறிக்கும் கட்டம் போட்ட கொடி அசையவில்லை. இன்னொரு சுற்று வந்தார். அப்போதும் அசையவில்லை. 202 சுற்றுகள் ஓடினார். கொடி, அவருக்கு இரண்டு சுற்று பின்தங்கி வந்த பக் பேக்கர் என்பவருக்கு அசைந்தது. வெற்றி மேடையில் பேக்கர் ஏறினார். கோப்பை அவர் கைக்குச் சென்றது. ஜெயித்தவருக்கு முத்தம் கொடுப்பதற்கென்று அழகி ஒருத்தியை நிறுத்தி வைப்பது அந்தப் பந்தயங்களின் வழக்கம். அதுவும் முறைப்படி நடந்தேறியது.

ஸ்காட் ஆட்சேபித்தார். கணக்கு மறுபடியும் பார்க்கப்பட்டது. இரண்டு மணி நேரம் சென்று, ஜனங்களெல்லாம் கலைந்து போன பிறகு, வென்றவர் ஸ்காட்டே என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். பரிசுப் பணமான ஆயிரம் டாலர் கொடுக்கப்பட்டது. கோப்பை? அது பேக்கரோடு ஊருக்குப் போய்விட்டது.

கணக்கர்களின் கைப்பிசகு என்று சமாதானம் சொல்லப்பட்டது. அந்தக் காலத்தில் சுற்றுக்களை மனிதர்களே எண்ணிக் குறித்தார்கள். பிசகுகள் நேர்ந்ததும் உண்மையே. பரீட்சைத் தாள் திருத்தும் உத்தியோகத்தில் இருப்பதால் நாம் ஒன்று சொல்லலாம். கூட்டல் பிழை எந்தப் பையனின் தாளிலும் விழக்கூடியது. ஆனால் வகுப்பிலேயே ஒரு பையன் மட்டும் வேற்றுச் சாதி. அவன் முதல் மார்க்கு வாங்கிய அந்த ஒரு தினத்தில், பரிசளிப்பு விழா முடியும் வரையில் பிழை அகப்படாமலிருந்து, பந்தலைப் பிரித்த பிறகு அகப்பட்டது என்றால், அவனுடைய பெற்றோர் என்ன நினைப்பார்கள்? ஸ்காட்டும் அவர் குடும்பத்தாரும் அதைத்தான் நினைத்தார்கள். வெள்ளை அழகி ஒருத்தி கறுப்பருக்கு முத்தமிடும் காட்சியை அந்த ஊர்க் கூட்டத்துக்கு எதிரில் காட்டத் துணியாமலே கொடியை மடக்கி வைத்தார்கள் என்று அவர்கள் கடைசி வரை நம்பினார்கள்.

பிற்பாடு, பெயர்கூடப் பொறிக்காத மட்டமான மரக் கோப்பை ஒன்றை அவரிடம் கொடுத்தார்கள். அவருடைய வீட்டார் அதைக் கோப்பையாக மதிக்கவே இல்லை.

அதன் பின்னும் அவர் பத்து ஆண்டுகள் ஓட்டினார். 1966-இல் வருஷ முடிவுப் புள்ளிக் கணக்கில் ஆறாவது இடம். அடுத்த மூன்று ஆண்டுகளும் முதல் பத்துக்குள் இடம். பெரும்பாலும் பழைய வண்டி, மற்றவர்கள் கழித்த டயர், சொந்தக் கைவேலை ஆகியவற்றைக் கொண்டே இதைச் சாதித்தார். மொத்தம் 495 மேல் வகுப்புப் பந்தயங்களில் 147 தடவை முதல் பத்துப் பேருக்குள் வந்தார். வெற்றி என்று கணக்கில் நிற்பது ஜாக்ஸன்வில் ஒன்றே.

ஒரு முறையேனும் பிறருக்குச் சமமான வண்டியில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. கடன் வாங்கி ஒரு மெர்க்குரி வண்டியை வாங்கினார். 1973 மே 6-ஆம் தேதி அலபாமா மாகாணத்துத் தாலடேகா திடலில் அதை ஓட்டினார். பந்தயம் தொடங்கிச் சில சுற்றுகளுக்குள் ஒரு வண்டியின் எஞ்சின் வெடித்து எண்ணெய் சிந்த, ஏறக்குறைய இருபது வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதின. ஸ்காட்டுக்கு விலா எலும்பும் இடுப்பெலும்பும் முழங்கால்களும் முறிந்தன. வண்டி போயிற்று; கடன் நின்றது. அந்த அக்டோபரில் ஷார்லட் நகரில் இன்னும் ஒரு பெரிய பந்தயம் ஓட்டிப் பன்னிரண்டாவதாக வந்து, விடை பெற்றுக்கொண்டார். 1977-இல் அவருடைய கதையை வைத்து, ரிச்சர்ட் பிரையர் என்ற ஹாஸ்ய நடிகரை நடிக்கச் செய்து, ஒரு சினிமாப் படமும் எடுத்தார்கள். ஸ்காட் டான்விலில் தம் பட்டறை வேலைக்குத் திரும்பினார். 1990 டிசம்பர் 23-ஆம் தேதி முதுகெலும்புப் புற்றுநோயினால் காலமானார்.

மரியாதைகள் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. டான்விலில் அவர் குடியிருந்த வீதிக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். 2015-இல் நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. ஜாக்ஸன்வில் வெற்றிக்கு உரிய கோப்பையைக் கேட்டு அவருடைய பிள்ளைகள் மட்டும் ஓயாமல் எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். கடைசியில் 2021 ஆகஸ்டு 28-ஆம் தேதி, அவருடைய நூறாவது பிறந்த நாளுக்கு முதல் நாள், டேட்டோனா திடலில் ஜனக் கூட்டத்துக்கு எதிரிலேயே சங்கத்தார் அந்தக் கோப்பையை அவர் குடும்பத்தாரிடம் அளித்தார்கள். ஓடி முடித்த நாளிலிருந்து ஐம்பத்தேழு ஆண்டுகளும் ஏறக்குறைய ஒன்பது மாதங்களும் கழிந்திருந்தன. அந்தக் காலத்துப் பையன்கள், பள்ளி விட்டு வந்து எஞ்சினைப் பூட்டிய பையன்கள், இப்போது நரைத்த தலையுடன் கோப்பையை வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி, ஸ்காட்டின் எலும்புகள் நொறுங்கிய அதே தாலடேகா திடலில், பப்பா வாலஸ் என்னும் கறுப்பு இளைஞர் நாஸ்கார் மேல் வகுப்புப் பந்தயம் ஒன்றில் முதலாவதாக வந்தார். ஸ்காட்டுக்குப் பிறகு அந்த இனத்தவருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. 117 சுற்று முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மேலே ஓட்ட இயலாமல் பந்தயத்தை அதோடு நிறுத்தினார்கள். இம்முறை கணக்கில் பிசகு நேரவில்லை. கோப்பையை அன்றைக்கே வாலஸின் கையில் கொடுத்தார்கள்.