ஏற்றுமதித் திராட்சையும் தள்ளுவண்டித் திராட்சையும்

கடையில் வாங்கும் காய்கனிகளில் பூச்சிமருந்தின் எச்சம் இருக்குமோ என்ற ஐயம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களிடையே இன்று பரவலாக உள்ளது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் விற்கப்படும் காய்கள் பெரும்பாலும் வாஷி மொத்தச் சந்தை வழியாக வருபவை. நாசிக்கிலிருந்தோ புணேயிலிருந்தோ வரும் தக்காளி அங்கே பல தோட்டங்களின் சரக்கோடு கலந்துவிடுகிறது. அது யாருடைய வயலில் விளைந்தது, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு மருந்து தெளிக்கப்பட்டது என்பதைக் கடைக்காரரே அறிய வழியில்லை.

இதே நாசிக்கின் திராட்சை ஐரோப்பாவுக்குச் செல்லும்போது நிலைமை வேறு. 2006-இல் அபீடா என்னும் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் ‘கிரேப்நெட்’ என்ற முறையைத் தொடங்கியது. தோட்டம் பதிவு செய்யப்பட வேண்டும்; பழம் ஆய்வுக்கூடச் சோதனையில் தேற வேண்டும்; பெட்டியைக் கொண்டே தோட்டத்தைக் கண்டறிய இயல வேண்டும். இவ்வளவு இருந்தும் 2010-இல் குளோர்மெக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தின் எச்சம் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டு, ஏற்றுமதியாளர்கள் பெருநட்டம் அடைந்தனர். நம் சோதனைப் பட்டியலில் அம்மருந்து இடம்பெறாததே காரணம். தேடாத பொருள் அகப்படுவதில்லை. தணிக்கை பழகிய எவருக்கும் இது புதிதன்று. தள்ளுவண்டித் திராட்சைக்கோ அத்தகைய பட்டியலும் இல்லை, பெட்டி எண்ணும் இல்லை.

இதனால் காய்கனிகளையே குறைத்துக்கொள்வது சரியாகாது. நாளொன்றுக்கு 400 கிராமேனும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எச்சம் இருப்பது வேறு, வரம்பை மீறுவது வேறு. மருந்துக்கும் விளைபொருளுக்கும் ஏற்ப உச்ச வரம்புகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்துள்ளது. தனி வரம்பு குறிக்கப்படாத இடத்தில் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அளவு. வங்கிக் கணக்கில் சொல்வதானால், பத்துக் கோடி ரூபாயில் ஒரு ரூபாய்.

உண்மையில் கவலை தருவது, தடுக்கப்பட்ட மருந்தைத் தெளிப்பதும், தெளித்தபின் காத்திருக்க வேண்டிய நாள்கள் முடியுமுன் பறிப்பதும் ஆகும். மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிப் பயிர்களுக்குப் பயன்படுத்த 2005-இலேயே தடை வந்தது. 2013-இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகளின் உயிரைப் பறித்ததும் அதுவே. அங்கு நிகழ்ந்தது சமையல் எண்ணெயில் நஞ்சு கலந்த கொடுமை. காயின் எச்சத்தோடு அதனை ஒப்பிடலாகாது. எனினும் எத்தகைய பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அதனால் விளங்கும்.

வீட்டில் செய்யக்கூடியது ஓரளவே. தோலின்மேல் படிந்த மருந்து, ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவினால் பெருமளவு நீங்கும். கறிவேப்பிலை, கொத்துமல்லி போன்றவற்றை இணுக்கு இணுக்காகப் பிரித்து அலச வேண்டும். சோப்பு கூடாது. 2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் இரு மருந்துகளைப் பூசிய ஆப்பிள்களைச் சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் வைத்தபோது மேற்பரப்பின் எச்சம் அகன்றது. தோலுக்குள் ஊடுருவிய பகுதி அகலவில்லை. செடியே உறிஞ்சிக்கொள்ளும் மருந்துகளுக்குக் கழுவுதல் தீர்வாகாது. அங்கே தோட்டத்தின் ஒழுங்கும் அரசின் சோதனையுமே காப்பு.

அச்சோதனையைக் கேட்கும் உரிமை வாங்குபவருக்கும் உண்டு. பலர் இதனை அறியார். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, தாம் வாங்கிய உணவுப்பொருளைக் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் செய்யலாம். அவ்வெண்ணத்தை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்துவிட வேண்டும். சட்டமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தனியொரு குடும்பத்துக்கு இது சுமையாகலாம். ஒரே கடையில் வாங்கும் குடியிருப்புச் சங்கத்தார் கூடிச் செய்தால் தலைக்குச் சிறு தொகையே ஆகும். மும்பையில் இதற்கு அணுக வேண்டியது மகாராஷ்டிர உணவு மற்றும் மருந்து நிர்வாகம்.