ஊர் பெயரும் அணிகள்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் ஒரு பிற்பகல். அட்டன் நகரை மூடிய மழை காலையிலிருந்தே ஓயாதிருந்தமையால், விளையாட்டுக்குரிய பாடவேளையை வகுப்பறைக்குள்ளேயே கழிக்க நேர்ந்தது. மாணவர் இருவர் கிரிக்கெட்டைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தனர். ஒருவன் யாழ்ப்பாண அணியின் பக்தன். மற்றவன் கண்டி அணிக்காக உயிரை விடுபவன். இருவருக்கும் யாழ்ப்பாணத்திலும் உறவில்லை, கண்டியிலும் உறவில்லை. அப்போது, தோட்டத்து லயத்திலிருந்து நாள்தோறும் நடந்தே பள்ளிக்கு வரும் பையன் ஒருவன் எழுந்து நின்று கேட்டான்:

“சேர், நம்ம நுவரெலியாவுக்கு மட்டும் ஏன் ஒரு டீம் இல்ல? வேற ஊர்ல நடத்த முடியாம கெடக்கிற டீம் ஒன்னையாவது இங்க கொண்டாந்தா என்ன?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது வேடிக்கைக் கேள்வியன்று. உலகில் கோடிக்கணக்கான பணம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே ஓடுகின்றது. ஓர் ஊரின் அணியைப் பெயர்த்தெடுத்து இன்னோர் ஊரில் நடலாமா? நட்டால் அது வேர் பிடிக்குமா? பிடுங்கிய இடத்தில் எஞ்சுவது என்ன? மணி அடித்துவிட்டமையால் அன்று அவனுக்கு நான் விடை கூறவில்லை. கூற நினைத்ததை ஈண்டு எழுதுகின்றேன்.

பனிக்கட்டியின்மேல் ஒரு வாணிகம்

அணிகளை ஊர் மாற்றும் கலையில் வட அமெரிக்கர் தேர்ந்தவர். அங்கே பனிக்கட்டித் தளத்தின்மேல் ஆடப்பெறும் ஹொக்கியை நடத்துவது தேசிய ஹொக்கி லீக் என்னும் அமைப்பு. 1942 முதல் கால் நூற்றாண்டுக் காலம் அதில் ஆறே அணிகள் இருந்தன. 1967இல் ஒரே ஆண்டில் அவை பன்னிரண்டாகப் பெருகின. புதிதாகச் சேர்ந்த ஒவ்வோர் அணியும் இருபது இலட்சம் டொலர் நுழைவுக் கட்டணம் செலுத்திற்று. 2017இல் பாலைநிலத்து நகரமாகிய லாஸ் வேகஸ் அதே வாயிலில் நுழைந்தபோது கட்டணம் ஐம்பது கோடி டொலர். 2021இல் சியாட்டில் நுழைந்தபோது அறுபத்தைந்து கோடி. இன்று அணிகள் முப்பத்திரண்டு.

இந்த ஏற்பாட்டில் ஊர் என்பது சந்தை. அணி என்பது அச்சந்தையில் கடை திறப்பதற்கான உரிமம். உரிமம் ஊராருடையதன்று, முதலாளியுடையது. அரங்கில் கூட்டம் குறைந்தாலும், அரங்கக் குத்தகை கசந்தாலும், வேறு நகரம் புதிய அரங்கம் கட்டித் தருவதாக ஆசை காட்டினாலும், லீக்கின் இசைவைப் பெற்றுக் கடையைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

1979இல் இந்த லீக்கில் நான்கு நகரங்கள் ஒன்றாகச் சேர்ந்தன: எட்மண்டன், கியூபெக், வினிப்பெக், ஹார்ட்ஃபர்ட். 1995இல் கியூபெக்கின் அணி டென்வருக்குப் போயிற்று. 1996இல் வினிப்பெக்கின் அணி ஃபீனிக்ஸ் நகருக்குப் போயிற்று. 1997இல் ஹார்ட்ஃபர்ட்டின் அணி வட கரோலினாவுக்குப் போயிற்று. நால்வரில் எட்மண்டன் ஒன்றே தன் அணியைக் காத்துக்கொண்டது. கனேடிய நகரங்களின் துன்பத்துக்கு ஒரு காரணம் எளியது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் அமெரிக்க டொலரில். வாயிலில் வசூலாவதோ மதிப்புக் குன்றிய கனேடிய டொலரில். வினிப்பெக் மக்கள் தெருவில் இறங்கி நிதி திரட்டினர். சிறுவர் தம் உண்டியலைக்கூட உடைத்துக் கொடுத்தனர். ஆயினும் அணி போய்விட்டது.

கியூபெக்கின் கதையோ இதனினும் கொடியது. இடம் பெயர்ந்த அணி டென்வரில் ஆடிய முதற் பருவத்திலேயே, 1996இல், ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. பதினாறு ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த ஊர், பிறர் முற்றத்தில் நடந்த விழாவைத் தொலைக்காட்சியிற் பார்த்துக்கொண்டிருந்தது. மரத்தை நட்டவர் ஒருவர், கனி பறித்தவர் வேறொருவர்.

வினிப்பெக்குக்கு 2011இல் மீண்டும் ஓர் அணி வாய்த்தது. அட்லாண்டாவில் நடத்த முடியாமற்போன அணியே அங்கே வந்தது. பதினைந்து ஆண்டுகளாக நெஞ்சில் வைத்திருந்த பழைய பெயரையே அதற்கும் சூட்டினர். அட்லாண்டாவோ 1980இல் ஓர் அணியைக் கல்கரிக்கும், 2011இல் இன்னொன்றை வினிப்பெக்குக்கும் பறிகொடுத்த ஊர். வினிப்பெக்கை விட்டு ஃபீனிக்ஸ் சென்ற அணிக்கும் அங்கு நிலைபேறில்லை. கடைசி ஈராண்டுகள் ஐயாயிரம் பேர்கூட அமர முடியாத பல்கலைக்கழக அரங்கொன்றில் ஒண்டிக் கிடந்தது. புதிய அரங்கத் திட்டத்தை டெம்பி நகர வாக்காளர் 2023 மே மாதத்தில் நிராகரித்தனர். 2024இல் ஆட்டக்காரர் அனைவரும் சோல்ட் லேக் நகருக்கு மாற்றப்பட்டனர். பழைய பெயர் பாலைநிலத்திலேயே நின்றுவிட்டது.

பெயர் வந்தது, ஆட்டம் வரவில்லை

இது தொலைதேசத்துக் கதை என்று எண்ண வேண்டா. புல்தரை ஹொக்கியிலும் நம் அண்டைநாடு இதனைப் பயின்று பார்த்திருக்கிறது. 2005இல் இந்தியாவில் தொடங்கிய பிரீமியர் ஹொக்கி லீக்கில் ‘சென்னை வீரன்ஸ்’ என்றோர் அணி இருந்தது. 2008க்குப் பின் அந்த லீக்கே நின்றது. 2012இல் வேறொரு தொடர். அதில் ‘சென்னை சீட்டாஸ்’. அது ஒரே பருவத்தோடு முடிந்தது. 2013 முதல் 2017 வரை நடந்த ஹொக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாட்டுக்கு அணியே இல்லை. ஏழாண்டு இடைவெளிக்குப்பின் 2024 டிசம்பரில் அந்த லீக் புத்துயிர் பெற்றபோது ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’ தோன்றிற்று. அதன் முதற் பருவத்து ஆட்டங்கள் நடந்த இடமோ தமிழ்நாடன்று. ஒடிசாவின் ரூர்கேலாவும் ஜார்க்கண்டின் ராஞ்சியும். தெருவுக்குத் தெரு மட்டையும் பந்துமாகச் சிறுவர் திரியும் கோவில்பட்டிக்காரர், தம் மாநிலத்தின் பெயரை ஆயிரம் மைலுக்கு அப்பால் ஆடக் கண்டனர்.

ராஞ்சியின் வரலாறு வேறு. 2013இல் ஹொக்கி இந்தியா லீக்கின் முதற் கிண்ணத்தை ‘ராஞ்சி ரைனோஸ்’ வென்றது. இரண்டே பருவத்தில் அந்த அணி மறைந்தது. ஆயினும் 2015இல் ‘ராஞ்சி ரேஸ்’ என்று வேறோர் அணி அங்கே முளைத்தது. முளைத்த ஆண்டிலேயே கிண்ணமும் வென்றது. முதலாளி போனாலும் அணி ஏன் அவ்வூரைத் தேடி மீண்டும் வந்தது? 1928இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைவராய் இருந்த ஜெய்பால் சிங் முண்டா அந்த மண்ணின் பழங்குடி மைந்தர். மூங்கிற் கழியை வளைத்து மட்டையாக்கி ஆடும் கிராமங்கள் அங்கே இன்றும் உள்ளன. வேர் அங்கே இருந்தது. கிளையை வெட்டினும் தளிர்த்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். லங்கா பிரீமியர் லீக் 2020இல் ஐந்து அணிகளுடன் தொடங்கிற்று. கண்டி அணியின் பெயர்களை மட்டும் கேளுங்கள்: 2020இல் டஸ்கர்ஸ், 2021இல் வோரியர்ஸ், 2022இல் ஃபல்கன்ஸ், 2023இல் பி-லவ், 2024இல் மீண்டும் ஃபல்கன்ஸ். உரிமையாளர் மாறுந்தோறும் சட்டை மாறும். சட்டை மாறுந்தோறும் பெயர் மாறும். என் மாணவன் எந்தக் கண்டிக்காக உயிரை விடுகின்றான் என்று அவனுக்கே தெரியுமோ, ஐயமே.

யாழ்ப்பாணத்தின் நிலை இன்னும் வியப்புக்குரியது. 2020 முதல் 2024 வரை நடந்த ஐந்து தொடர்களில் நான்கில் கிண்ணம் வென்றது அந்த அணியே. ஆயினும் அந்த ஐந்தாண்டில் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாண மண்ணில் நடந்ததில்லை. அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் பல்லேகலையிலும் தம்புள்ளையிலுமே அது ஆடிற்று. சர்வதேசத் தரமுள்ள மைதானம் வடக்கில் இல்லாமையே காரணம். மண்டைதீவில் அத்தகைய மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2025 செப்டம்பரில்தான். எனினும் அந்த அணி வெறும் பெயராய் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து இளைஞர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் அவ்வணியில் ஆடத் தொடங்கி, 2024இல் இந்திய பிரீமியர் லீக் வரை சென்றார். மண்ணை மிதியாத அணி மண்ணின் மைந்தன் ஒருவனுக்குக் கதவு திறந்தது. அவ்வளவில் அது யாழ்ப்பாண அணியே.

மலையின் சமதரைகள்

மலையகத்தில் விளையாட்டு இல்லாமலில்லை. றாதெல்லையிலும் டறாவெல்லையிலும் தோட்டத் துரைமார் நிறுவிய கழக மைதானங்கள் உள்ளன. பச்சை விரித்த அந்தத் தரைகளில் அவர்கள் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடினர். சரிவே நிலமாகிய இம்மலைகளில் ஒரு சமதரையை உண்டாக்குவது எளிதன்று. மண்ணை வெட்டியவர் யார், கல்லைப் புரட்டியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் கப்பலேறினர். அவர்களுடன் ஒரு விளையாட்டு உலகமும் போயிற்று.

ஆனால் அதே ஆண்டுகளில் இன்னொரு வகை அணியும் இம்மலையை விட்டுப் பெயர்ந்தது. அதைப் பற்றி எந்த விளையாட்டு ஏடும் எழுதியதில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு கால்பந்துக் குழு இருந்தது. என் தகப்பனார் அதில் இடப்பக்கத்து முன்வரிசைக்காரர். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகள். மாலையில் வெறுங்காலால் பந்தாட்டம். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எங்கள் குழுவின் பதினொருவரில் அறுவர் ‘இந்தியாவுக்கு எழுதியவர்’ ஆயினர். பந்துகாப்பாளர் போனார், அடுத்த ஆண்டு அண்ணன் தம்பி இருவர் போயினர், அப்படியே மற்றவரும். அட்டன் புகையிரத நிலையத்தில் அழுகைக்கிடையே வழியனுப்பி வருவதே அந்நாளில் மாதந்தோறும் நடந்த சடங்கு. தலைமன்னாரில் கப்பல், இராமேசுவரத்தில் இறக்கம், அதற்கப்பால் எங்கென்று யாரும் அறியார். ஆட ஆளின்றிக் குழு கலைந்தது.

ஈராண்டு கழித்து நீலகிரியிலிருந்து என் தகப்பனாருக்கு ஒரு கடிதம் வந்தது. தாயகம் திரும்பியோருக்கென அரசு வளர்த்த தேயிலைத் தோட்டமொன்றில் பந்துகாப்பாளருக்கு வேலை கிடைத்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் நம்மவரைத் திரட்டி ஒரு குழு அமைத்திருப்பதாகவும், அதற்கு எங்கள் தோட்டத்தின் பெயரையே வைத்திருப்பதாகவும் அவர் எழுதியிருந்தார். எந்தப் பெயர்? மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் பெயர் இரண்டு: துரை வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் முன்னோர் வாய்மொழியாக வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. அவர் கொண்டுபோனது இரண்டாவதை. அக்கடிதத்தை என் தகப்பனார் இறக்கும்வரை தகரப் பெட்டியில் வைத்திருந்தார்.

இரண்டு பெயர்ச்சிகளையும் நான் ஒப்பிட்டுப் பார்க்கின்றேன். பணத்தால் பெயரும் அணியில் ஆட்டக்காரர் போவர், ஊரார் நின்றுவிடுவர், பெயர் சட்டத்தரணிகளின் கையில் இருக்கும். எங்கள் குழு பெயர்ந்தபோது ஊராரே போயினர். பெயரை நெஞ்சில் சுமந்து போயினர். அதற்கு எவரும் ஒரு சதமும் கொடுக்கவில்லை. முன்னதற்கு நுழைவுக் கட்டணம் கோடிக்கணக்கு. பின்னதற்குக் கட்டணம் ஒரு தலைமுறையின் கண்ணீர்.

ஆகவே என் மாணவனுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வேறோர் ஊரில் நடத்த முடியாத அணியை இங்கே கொண்டுவருதல் இயலாத காரியமன்று. நாளையே பணமுள்ள ஒருவர் நுவரெலியாவின் பெயரைச் சட்டையில் பொறிக்கலாம். ஆனால் அந்த அணி பல்லேகலையில் ஆடும். ஆட்டக்காரர் பலதேசத்தவராய் இருப்பர். மூன்றாம் ஆண்டு சட்டை மாறும். நமக்கு முதலில் வேண்டியது தோட்டந்தோறும் ஒரு சமதரை. பள்ளிதோறும் ஒரு பயிற்சியாளர். மழைநாளில் நனையாமல் ஆட ஒரு கூடம். உலகம் போற்றும் முத்தையா முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்டத்து வேலைக்கென இந்தியாவிலிருந்து வந்தவரே. ஆனால் பேரனின் கைக்குப் பந்து வந்தது கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் பயிலும் வாய்ப்பு இருந்தமையால். அந்த வாய்ப்பு மஸ்கெலியாவின் லயத்துப் பிள்ளைக்கு எங்கே? அணி வருமுன் ஆட்டக்காரன் வர வேண்டும். ஆட்டக்காரன் வருமுன் மைதானம் வர வேண்டும்.

மறுவாரம் மழை விட்டது. இவற்றையெல்லாம் சுருக்கி அவனிடம் கூறினேன். தலையைச் சொறிந்தபடி கேட்டுவிட்டு அவன் சொன்னான்: “சரிங்க சேர். கிரவுண்ட் வரட்டும். பேர மட்டும் இப்பவே வச்சிருவோம்.”

என்ன பெயர் என்று கேட்டேன். தன் தோட்டத்துப் பெயரைச் சொன்னான், ஆங்கிலப் பெயரையன்று.