'குறு' என்றால் எவ்வளவு?



குறுந்தொழில், குறு விவசாயி, குறுங்கடன் என்று படிவங்களில் 'குறு' அடிக்கடி வருகிறது. "குறுன்னா சின்னது, அவ்வளவுதானே!" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதிதான் சரி.

குறு என்றால் வழக்கத்தைவிடச் சிறியது, குறுகியது. இது நம் வீட்டுச் சொல்தான். அரிசி புடைக்கும்போது பிரிவது குறுநொய். சீக்கிரம் அறுவடைக்கு வருவது குறுவை. செல்போனில் வருவது குறுஞ்செய்தி. இவற்றில் எதிலும் 'மட்டம்' என்ற அர்த்தம் இல்லை. குறுநொய்க் கஞ்சியும் பசியாற்றும்.

ஆனால் அரசுத் தாளில் வரும்போது 'குறு'வுக்கு அளவு உண்டு. 'சிறு' வேறு, 'குறு' வேறு.

குறு விவசாயி: வேளாண் கணக்கெடுப்பின்படி 1 ஹெக்டேருக்குள், அதாவது சுமார் 2.5 ஏக்கருக்குள் நிலம் உள்ளவர். அதற்கு மேல் 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க இந்த இருவருக்கும் 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். இதற்குச் சிறு, குறு விவசாயி சான்று வேண்டும். நிலப் பட்டா யார் பேரில் இருக்கு என்று முதலில் பாருங்கள்.

குறு நிறுவனம்: 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திர முதலீடு ரூ.2.5 கோடிக்குள்ளும் ஆண்டு விற்பனை ரூ.10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். நாம் போடும் அப்பளமும் ஊறுகாயும் இதில்தான் வரும். "நம்மது எல்லாம் ஒரு தொழிலா?" என்று ஒதுங்க வேண்டாம். ஆதார் எண்ணைக் கொண்டு உத்யம் பதிவு செய்யலாம். அதற்கு அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது.

குறுங்கடன்: ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் ரூ.12,000 வருமானம் என்றால் மொத்தத் தவணை ரூ.6,000-க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு கடனும் குறுங்கடன்தான். நாலு இடத்தில் வாங்கினால் அது பெருங்கடன். வட்டி விவரம் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள், அது நம் உரிமை.

ஆகவே தோழிகளே, இனி 'குறு' என்று எங்கே பார்த்தாலும் "எவ்வளவு வரைக்கும்?" என்று கேளுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்து, அவரவர் வீட்டுத் தவணைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.