கண்ணாடி யன்னலும் கழுவும் நீரும்

படுவான்கரை வீடுகளுக்குக் கண்ணாடி வந்தது அண்மைக் காலத்திலேயாகும். மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக வீடுகள் இருந்த நாளில் யன்னல் என்பது ஒரு சிறு பலகைக் கதவு. அதனைக் கழுவுவாருமில்லை, கழுவவேண்டிய தேவையுமில்லை. 2009-ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்த பின்னர் வெல்லாவெளி, பழுகாமம், மண்டூர், பெரியபோரதீவு முதலிய ஊர்களில் எழுந்த கல்வீடுகளிலோ, அலுமினியச் சட்டத்திற் பொருத்திய அகன்ற கண்ணாடிகள் பளிச்சிடுகின்றன. கடல்கடந்து சென்ற பிள்ளைகளின் பணத்தினால் எழுந்த மாடிவீடுகளும் அங்கங்கே தலைகாட்டுகின்றன.

கண்ணாடி அழகுதான், ஆனால் எதனையும் மறைக்கத் தெரியாத பொருள் அது. அறுவடைக் காலத்திற் பதரும் வைக்கோற்றூசும், கச்சான் வீசும் மாதங்களிற் செம்புழுதியும், மாரியிற் சேற்றுத் துளியும் அதிற் படிகின்றன. பொங்கல் வருகின்றது, கோயிற் கொடியேற்றம் வருகின்றது என்றால், மேசையின்மேற் கதிரையை வைத்து, அதன்மேல் ஏறி நின்று துடைப்பவள் வீட்டுத் தலைவியே. மாடியின் வெளிப்புறத்துக்கு ஏணி சாத்திக் கூலியாள் ஒருவர் ஏறுகின்றார். ஏணியின் கால் ஈரச் சீமெந்தில் ஓரங்குலம் வழுக்கினாற் போதும்; அவருடைய குடும்பம் பல மாதங்களுக்கு வருவாய் இழந்து நிற்கும்.

நிலத்தில் நின்றபடியே மாடிக் கண்ணாடியைக் கழுவும் முறையொன்று மேல்நாடுகளில் நன்கு ஊன்றியிருக்கின்றது. அதற்குரிய கருவிகளை வாங்கி, வீடுவீடாகச் சென்று இதனைத் தொழிலாகச் செய்தல் எமது பகுதி இளைஞருக்கு இயலுமா, இயலுமாயின் எக்கருவியைத் தெரிதல் நன்று என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

இங்கிலாந்தில் யன்னல் கழுவுவோர் நெடுங்காலமாக ஏணியும் வாளியும் கொண்டே தெருத்தெருவாகச் சென்றனர். ஒவ்வொருவருக்கும் வாடிக்கை வீடுகள் உண்டு. சில கிழமைகளுக்கு ஒருமுறை அதே வீடுகளுக்கு மீண்டும் செல்வர். 2005-ஆம் ஆண்டில் அங்கு உயரத்தில் வேலை செய்தல் பற்றிய ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்தன. அவை ஏணியை அறவே விலக்கவில்லை. உயரத்தில் ஏறாமற் செய்யக்கூடிய வேலையை ஏறாமலே செய்க என்றன. அதன்பின் நீளக் கழியின் நுனியில் தூரிகையையும், தூரிகையினுள் நீர்க்குழாயையும் பொருத்திய கருவி வெகுவாகப் பரவலாயிற்று. சிறு மின்கலத்தால் இயங்கும் பம்பி நீரை மேலே தள்ளும். தூரிகை அழுக்கைத் தேய்க்கும். நீர் அதனைக் கழுவிக்கொண்டு வழியும். பின்னர் துணியால் துடைப்பதில்லை. கண்ணாடி தானாகவே உலர விடப்படுகின்றது.

தானாக உலர்ந்தால் வெண்புள்ளிகள் படியாவோ என்று எம் சகோதரிகள் வினவுவர். நியாயமான வினாவே. இத்தொழிலின் உயிர்நிலையும் அதிலேதான் இருக்கின்றது.

வாசகர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடியொன்றைத் துடைத்துத் தட்டையாக வைத்து, அதன்மேல் ஒரு துளி கிணற்று நீரையும், சற்றுத் தள்ளி, திறந்த வெளியிற் பாத்திரம் வைத்து நேராகப் பிடித்த மழைநீர் ஒரு துளியையும் விட்டு உலர விடுக. பெரும்பாலான கிணறுகளின் நீர் சுண்ணாம்பு பூசினாற்போன்ற வளையத்தை விட்டுச் செல்லும். மழைத்துளி இருந்த இடத்தைத் தேடவேண்டியிருக்கும். மண்ணினூடாக ஊறிவரும் நீர் கல்சியம், மக்னீசியம், உப்பு ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு வருகின்றது. நீர் ஆவியாகும், அவை ஆவியாகமாட்டா. துடைத்து உலர்த்துவதன் நோக்கமே அவற்றைத் துணியோடு எடுத்துவிடுவதுதான். எனவே துடையாமல் விடுவதாயின், நீரிற் கரைந்த பொருள் ஏறக்குறைய இல்லாதிருத்தல் வேண்டும்.

இதனை அளக்கப் பேனா அளவிலான சிறுமானி ஒன்று உண்டு. நீரினூடாக மின் எவ்வளவு பாய்கின்றது என்பதைக் கொண்டு, ஒரு லீற்றரிற் கரைந்துள்ள திண்மம் எத்தனை மில்லிகிராம் என்பதை அது மதிப்பிட்டுக் காட்டும். யன்னல் கழுவுவோர் 0 என்ற எண்ணையே நாடுவர். 10 வரை பொறுத்துக்கொள்வர். கிணற்று நீரில் இவ்வெண் நூற்றுக்கணக்கில் இருத்தல் சாதாரணம். வாவிக்கும் கடலுக்கும் அண்மையிலுள்ள கிணறுகளில் இன்னும் ஏறலாம். ஆகையால் கழியையும் பம்பியையும் விலை கேட்குமுன் இம்மானியை வாங்குக என்பதே எமது முதலாவது யோசனை. தம் நீரை அறியாமல் இயந்திரம் வாங்கியவர், துடைத்த வீட்டிற்கே மறுநாள் மீண்டும் துடைக்கப் போகவேண்டி வரும்.

நீரைத் தூய்மையாக்க வழிகள் உண்டு. ஒன்று அயன்பரிமாற்றுப் பிசின். மீன்முட்டை போன்ற சிறு மணிகள் நிறைந்த உருளையினூடாக நீரைச் செலுத்தினால், கரைந்துள்ள உப்புகளை அம்மணிகள் பற்றிக்கொள்ளும். நீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு விரைவில் அவை தீர்ந்துபோம். 300 என்ற எண்ணுள்ள கிணற்று நீரை முழுவதும் பிசினைக் கொண்டே திருத்தப் புகுந்தால் ஊதியம் பிசினுக்கே சரியாகிவிடும். தீர்ந்த பிசின் மீன்வாடை வீசுவதுமுண்டு. வாவியோரத்து மூக்குகளுக்கு அது புதிதன்று என்றாலும், வாடிக்கையாளர் முகஞ்சுளிப்பர்.

மற்றொன்று, மக்கள் ‘ஆர்.ஓ. தண்ணீர்’ என வழங்கும் எதிர்ச்சவ்வூடு பரவல். நீரை அழுத்தத்துடன் மென்சவ்வினூடாகச் செலுத்தினால் உப்பின் பெரும்பகுதி பின்தங்கிவிடும். இம்முறை நடைமுறைக்கு வரக் காரணமான சவ்வை, 1960-ஆம் ஆண்டை அண்டி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவிற் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனும் உருவாக்கினர். சௌரிராஜன் என்பது திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருநாமம். 1965-இல் அந்நாட்டின் கோலிங்கா என்னும் சிற்றூரில் இச்சவ்வு குடிநீர் தரத் தொடங்கிற்று. இன்று இலங்கையின் உலர்வலயத்திற் சிறுநீரக நோய்க்கு அஞ்சி நிறுவப்பட்ட குடிநீர் நிலையங்களும் இதே முறையிலேயே இயங்குகின்றன. எனினும் குடிக்கத் தக்க நீரெல்லாம் கண்ணாடி கழுவத் தக்கதாகாது. அந்நீரிலும் மானி சிற்சில பத்துகளைக் காட்டக்கூடும். ஈற்றில் ஒருமுறை பிசினூடாகச் செல்லவேண்டும். சவ்வு ஏற்கும் நீரிற் பாதியளவோ அதற்கு மேலோ கழிவாக வெளியேறும் என்பதும் நினைவிருக்கட்டும். ஆனி ஆடியிற் கிணறு வற்றும் ஊரில், யன்னலுக்காக இரட்டிப்பு நீர் இறைத்தல் அயலாருக்கு உவப்பாயிராது. குளோரீன் கலந்த குழாய்நீராயின், கரி வடிகட்டியைத் தாண்டியே சவ்வுக்குச் செல்லவேண்டும். இல்லையேற் சவ்வு கெட்டுவிடும்.

மேல்நாட்டார் கையேடுகளிற் பின்தள்ளப்பட்ட வழியொன்று எமக்கு முன்னிற்கின்றது. அதுவே மழை. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசியிலிருந்து தைவரை எமது பகுதிக்குக் கொட்டித் தரும் நீர், இயற்கையே காய்ச்சி வடித்த நீராகும். கணக்குப் பார்ப்போம். 50 சதுர மீற்றர்க் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 50 லீற்றர். 20 மில்லிமீற்றர் பெய்த நாளில் 1,000 லீற்றர். சிந்துவதும் வழிவதும் போக 700 லீற்றரேனும் தேறும். கூரையிற் பட்ட நீரில் ஓடும் தூசியும் சிறிது கரைந்திருக்குமாதலால் அதனையும் பிசினூடாகச் செலுத்துதல் நன்று. ஆனாற் கிணற்று நீருக்குச் சில நாளில் தீரும் பிசின் இதற்குப் பல மாதம் வரும். இருண்ட நிறத்து மூடிய தொட்டியிற் சேமித்தாற் பாசி பிடியாது. நுளம்பு முட்டையிடாதபடி வாயில் வலை கட்டுதல் இன்றியமையாதது. டெங்கு காய்ச்சலை வளர்த்து யன்னல் கழுவுவதில் யாருக்கு நன்மை?

இனிக் கருவிக்கு வருவோம். கடைகளிற் காண்பன முதுகிற் சுமப்பது, சக்கரத்தில் இழுப்பது, வண்டியில் ஏற்றுவது என்ற வகைகளாம்.

முதுகுத்தொட்டி பெரும்பாலும் 20 லீற்றரை அண்டியது. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். பம்பியும் மின்கலமும் சேர்ந்தால் 25 கிலோவைத் தொடும். வயலில் மருந்து தெளிக்க 16 லீற்றர்த் தொட்டியைச் சுமந்த தோள்களுக்கு இதன் பொருள் விளங்கும். கழியையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பங்குனி வெயிலில் இதனைச் சுமப்பது, ஒரு வீட்டிற்குச் சரி. நாளுக்கு நாலு வீட்டிற்கு முதுகு இடங்கொடாது. அன்றியும் தூரிகை நிமிடத்துக்கு 1 முதல் 2 லீற்றர்வரை உண்ணும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கொரு முறை தொட்டியை இறக்கி நிரப்பவேண்டும்.

சக்கரவண்டி சீமெந்துத் தரைக்கு ஏற்றது. எமது வளவுகளோ மணல். கைப்பிடியளவு சக்கரம் மணலிற் புதையும். 40 லீற்றரை இழுத்தவர் ஈற்றில் அதனைத் தூக்கிக்கொண்டுதான் வருவார். வாங்குவதானால் அகன்ற சக்கரமுள்ளதை, நீர் நிரப்பி, மணலில் இழுத்துப் பார்த்தே வாங்குக.

வண்டியிலேற்றும் தொட்டியிற் பிறநாட்டார் 250, 350 லீற்றர் கொண்டு செல்வர். அது முச்சக்கர வண்டிக்குத் தகாது. 300 லீற்றர் என்பது 300 கிலோ. அரைவாசி நிரம்பிய தொட்டியில் நீர் அலைமோதும்போது வளைவில் வண்டியே சரியும். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிக் களுவாஞ்சிகுடிக்கும் கல்லாற்றுக்கும் செல்ல எண்ணுபவர், மூவர் ஏறும் இடத்தில் 100 லீற்றருக்கு மேல் ஏற்றாதிருத்தல் நலம்.

எமது தெரிவு இவற்றுள் எதுவுமன்று, எல்லாவற்றிலும் சிறிது. 25 லீற்றர்க் கலன்கள் மூன்று நான்கு. தனிப் பெட்டியில் 12 வோல்ற்றுப் பம்பியும் மின்கலமும். 30 மீற்றர் மெல்லிய குழாய். கலனை வாசலில் நிறுத்திவிட்டால், வீட்டைச் சுற்றி நடப்பது குழாயும் ஆளுமேயன்றி நீரன்று. நீரோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை பம்பியில் இருக்கவேண்டும். அது நீரையும் காக்கும், மின்கலத்தையும் காக்கும். பழுதானால் பம்பியை மட்டும் மாற்றலாம். முதுகுக் கருவிகள் சிலவற்றில் எல்லாம் ஒன்றாக வார்க்கப்பட்டிருப்பதால், ஒரு உறுப்புப் பழுதானாலும் முழுவதையும் எறிய நேர்கின்றது. உதிரிப்பாகம் மட்டக்களப்பிற் கிடைக்குமா, கொழும்புக்கு ஆள் அனுப்பவேண்டுமா என்பதைப் பணம் கொடுக்குமுன் கேட்டறிதல் வேண்டும்.

கழி அலுமினியம், கண்ணாடியிழை, காபன் இழை ஆகியவற்றாற் செய்யப்படும். தனிமாடி வீட்டிற்கு 3 மீற்றரும், இருமாடிக்கு 6 மீற்றரும் போதும். காபன் இழை பாரம் குறைந்தது, விலை மிகுந்தது. ஆயின் ஒரு செய்தியைக் கடைக்காரர் கூற மறப்பதுண்டு: அலுமினியத்தைப் போலவே காபன் இழையும் மின்னைக் கடத்தும். எமது வீடுகளுக்கு மின்கம்பி வந்து சேர்வது பெரும்பாலும் கூரையோரத்திலே, அதாவது யன்னலுக்கு அண்மையிலே. கண்ணாடியிழை மின்னைக் கடத்தாதெனினும் நனைந்த கழியை நம்பலாகாது. கழியை நீட்டுமுன் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு இத்தொழில் வேண்டாம். ஏணிக்குத் தப்பி மின்னுக்கு இரையாதல் என்ன பேறு?

இன்னொன்று. வீட்டிற் கிடக்கும் களைகொல்லித் தெளிகருவியைக் கழுவி இதற்குப் பயன்படுத்தினால் என்ன என்று சிக்கனம் கருதிச் சிலர் நினைக்கலாம். கூடவே கூடாது. பிளாஸ்டிக்கிலும் றப்பரிலும் ஊறிய நஞ்சு எளிதில் அகலாது. நாம் நனைக்கப் போவது குழந்தைகள் கைவைக்கும் அடுக்களை யன்னலை.

இம்முறைக்கு ஒத்துவராத யன்னல்களும் உள. கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக அடுக்கிய பழைய யன்னலின் இடுக்குகளால் நீர் உள்ளே வழிந்து படுக்கையை நனைக்கும். அவற்றைத் துணியாலே துடைத்தல் வேண்டும். உளுத்த மரச்சட்டத்துக்கும் இது ஆகாது. காய்ந்த சீமெந்துத் துளியையும் மைப்பூச்சுக் கறையையும் நீர் கரைக்காது. முதன்முறை அவற்றைக் கையாற் சுரண்டியே எடுக்கவேண்டும். ஏற்ற யன்னலிலும் மேற்சட்டத்தை முதலிற் கழுவி வழியவிட்டுப் பின்னரே கண்ணாடிக்கு வருக. சட்டத்தின் அழுக்கு, கழுவிய கண்ணாடியில் இறங்கினால் நீர் எத்துணைத் தூயதாயினும் கோடு விழும்.

வெல்லாவெளியில் மட்டும் இத்தொழிலால் ஒரு குடும்பம் வாழுமென்று நாம் சொல்லத் துணியோம். தனிமாடி வீட்டு யன்னலைக் கழுவப் பணங்கொடுப்போர் சிலரே. எழுவான்கரையிற் கடலுப்புப் படியும் மாடிவீடுகள், வங்கிகள், கடைமுகப்புகள், பாசிக்குடா விடுதிகள் ஆகியவற்றை நாடவேண்டும். பத்து வாடிக்கை வீடுகளை வாளியும் துணியும் கொண்டு கழுவிப் பிடித்த பின்னரே கடன்பற்றிச் சிந்திப்பது தகும். அப்போதும் வாங்கும் ஒழுங்கு இது: முதலில் மானி, அடுத்துக் கூரைநீர்த் தொட்டி, பின்னர் பிசின் உருளை, ஈற்றிலே பம்பியும் கழியும். ஐப்பசியின் முதல் மழை கூரைப் புழுதியைக் கழுவிக்கொண்டு போகட்டும்; இரண்டாம் மழைக்குத் தொட்டியைத் திறந்து வைக்கலாம்.