குளிர் காக்கும் பை

பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றி வைத்தால் விரைவில் உருகுமா, தாமதித்து உருகுமா? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டபோதெல்லாம், விரைவில் உருகும் என்று விடை கூறிய மாணவர்களே மிகுதி. கம்பளி சூடு தருவது என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் கம்பளி சூட்டையும் தருவதில்லை, குளிரையும் தருவதில்லை. வெப்பத்தை வழிமறிப்பதே அதன் தொழில். மார்கழிக் காலையில் நம் உடம்பின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. பனிக்கட்டியைச் சுற்றினாலோ வெளியிலுள்ள வெப்பம் உள்ளே புகாமல் தடுக்கிறது. மரத்தூளிலும் சாக்கிலும் ஐஸ் கட்டியைப் பொதிந்து வைக்கும் வியாபாரி, எந்தப் பாடநூலும் படியாமலே இதனை அறிந்தவர்.

நெடும் பயணத்தின்போது உணவையும் பானத்தையும் குளிர்ச்சி கெடாமல் எடுத்துச் செல்வதற்கென்று மெத்தென்ற சுவர்களுடைய பைகள் இக்காலத்தில் விற்கப்படுகின்றன. அப்பை எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு கப்பலின் கதை. 1833-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘டஸ்கனி’ என்னும் பாய்மரக் கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அனுப்பியவர் பிரெடெரிக் டியூடர் என்ற வணிகர். நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்கள் கழித்துச் செப்டம்பரில் கரை சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது! அவருடைய பனிக்கட்டியைச் சேமிக்கவே 1842-இல் சென்னைக் கடற்கரையில் ‘ஐஸ் ஹவுஸ்’ எழுந்தது. இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குவது அக்கட்டடமே.

அத்தனை பெரிய குவியல் பிழைத்ததற்குக் காரணங்கள் இரண்டு. சுற்றிலும் பொதிந்த பொருள்களின் இடுக்குகளில் அடைபட்டு நின்ற காற்று ஒன்று. மற்றது குவியலின் பருமன். பொருள் பெரிதாக ஆக, அதன் கனஅளவை நோக்க மேற்பரப்புச் சுருங்குகிறது. வெப்பம் புகும் வாயிலோ மேற்பரப்புத்தான். நாம் கையில் தூக்கிச் செல்லும் பைக்கு இந்த இரண்டாவது உதவி கிடையாது. ஆகவே அதன் சுவர் மிகக் கவனமாக அமைதல் வேண்டும்.

இதில் கவனம் எதற்கு, வெந்நீர் ஆறினால் குடிக்கலாமே என்று சொல்வோர் உண்டு. சமைத்த மீனையும் இறைச்சியையும் பாலையும் எண்ணிப் பாருங்கள். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். சமைத்த உணவைச் சாதாரண அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 15 டிகிரியிலுள்ள பால் நம் நாவுக்குக் குளிர்ச்சியாகவே இருக்கும். நுண்ணுயிருக்கோ அது வளரப் போதுமான சூடு. நன்றாகக் குளிர்விக்கும் பையும் பழுதில்லை, பை இல்லாமையும் பழுதில்லை. அரைகுறையாகக் குளிர்வித்து நம்மை நம்ப வைக்கும் பையே பொல்லாதது.

சுவருக்கு வருவோம். வெளித்துணிக்கும் உள்துணிக்கும் இடையே நுரைப் பொருள் ஒன்று இருக்கும். அதன் நுண்ணிய அறைகளில் காற்றோ வேறு வாயுவோ அடைபட்டிருக்கும். அவ்வறைகள் ஒவ்வொன்றும் மூடியிருத்தல் இன்றியமையாதது. குளிக்கும் பஞ்சைப் போல அறைகள் திறந்திருந்தால் உருகிய நீர் உள்ளே ஊறிவிடும். அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். விறைப்பான பாலியூரிதேன் நுரை மிகச் சிறந்த தடுப்பு; ஆனால் மடித்தால் முறிந்துவிடும். எனவே மெத்தென்ற பைக்கு வளையக்கூடிய பாலிஎத்திலீன் போன்ற நுரையையே கொள்கிறார்கள். மென்மைக்கு நாம் கொடுக்கும் விலை அது.

எவ்வளவு கனம் வேண்டும்? காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பையின் உள்ளளவு 30, 20, 25 சென்டிமீட்டர் என்க. கொள்ளளவு 15 லிட்டர். ஆறு பக்கங்களின் பரப்பு 3,700 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.37 சதுர மீட்டர். நுரையின் வெப்பக் கடத்து எண் சுமார் 0.035. உள்ளே 0 டிகிரி, வெளியே 30 டிகிரி, சுவரின் கனம் 1 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 39 ஜூல் வெப்பம் உள்ளே புகும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 3,34,000 ஜூல் தேவை. வகுத்துப் பார்த்தால் 2 மணி 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். கனத்தை 2 சென்டிமீட்டர் ஆக்கினால் காலமும் இரட்டிக்கும். கத்தரி வெயிலில் வெளியே 40 டிகிரி இருந்தால் இக்காலங்கள் முக்கால் பங்காகக் குறையும். சுவரை ஒட்டி நிற்கும் காற்றும் ஓரளவு தடுப்பதால் நம் கணக்கு சிறிது கடுமையானதே. எனினும் மூடியின் வழியே கசியும் வெப்பம் அந்த இலாபத்தைத் தின்றுவிடக்கூடும்.

அதே 15 லிட்டரை 50, 30, 10 சென்டிமீட்டர் கொண்ட தட்டையான பையாகச் செய்தால் பரப்பு 4,600 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. தோளில் மாட்ட அழகாக இருக்கும். வெப்பமும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிகுதியாகப் புகும்.

உட்புறத்தில் வெள்ளிபோல் மின்னும் தகட்டைக் கண்டு பலர் மயங்குகின்றனர். கதிர்வீசலால் வரும் வெப்பத்தை அது திருப்புவது மெய்யே. ஆனால் அதற்கு முன்னே சிறிது காற்றிடைவெளி வேண்டும். பாத்திரம் அதன்மேல் ஒட்டி அமர்ந்துவிட்டால் அவ்விடத்தில் கடத்தலே நடக்கும். பளபளப்புக்கு அங்கே வேலையில்லை. மெல்லிய நுரையின்மேல் மின்னும் தகட்டை ஒட்டி விற்பது வியாபாரத் தந்திரம் என்றே சொல்வேன். வாங்கும்போது சுவரை இரு விரல்களால் கிள்ளிக் கனத்தைப் பாருங்கள்.

இனித் தையல். ஊசி புகுந்த ஒவ்வொரு துளையும் நீருக்கு ஒரு வாசல். தையல் ஓடும் இடத்தில் நுரையும் நசுங்கி மெலிகிறது. ஆதலால் உயர்ந்த பைகளில் உள்துணியைத் தைக்காமல், உயர் அதிர்வெண் மின்சாரத்தால் சூடாக்கி உருக்கி ஒட்டுகிறார்கள். மூலைகளில் நுரையை மடிக்காது தனித் துண்டுகளாக வெட்டிப் பொருத்துவது நலம். எல்லாவற்றினும் பலவீனமான இடம் வாய்தான். சாதாரண ஜிப்பின் பற்களினூடே காற்று தாராளமாக உலவும். ஜிப்பின்மேல் கவியும் நுரை மடல் ஒன்றிருந்தால் பெரிதும் உதவும்.

பை எவ்வளவு நன்றாயினும், அது தானே குளிரை உண்டாக்காது. 30 டிகிரியிலுள்ள ஒரு லிட்டர் நீரை 5 டிகிரிக்குக் கொண்டுவர மட்டும் 310 கிராமுக்கு மேல் பனிக்கட்டி செலவாகும். ஆகையால் பானங்களை முன்னரே குளிர்வித்து வைக்க வேண்டும். பிளாஸ்டிக் புட்டியில் முக்கால் அளவு நீர் ஊற்றி உறைய வைத்தால் அதுவே நல்ல பனிக்கட்டி. உறையும் நீர் பருமனில் சுமார் 9 சதவீதம் பெருகுவதால் நிரம்ப ஊற்றலாகாது. குளிர்ந்த காற்று கீழிறங்கும். எனவே அப்புட்டியை உணவின்மேல் வையுங்கள்.

ஐயமுள்ளவர் வீட்டிலேயே சோதிக்கலாம். இரு வேறு பைகளில் ஒரே எடையுள்ள பனிக்கட்டியை இட்டு, நிழலில் அருகருகே வைத்து, 3 மணி நேரம் கழித்துத் திறந்து, எஞ்சிய கட்டியை நிறுத்துப் பாருங்கள். இடையில் ஒருமுறையேனும் திறந்து எட்டிப் பார்த்தால் சோதனை கெட்டுவிடும்.